விடிந்தால் ஞாயிறு: ஒரு மல்லிகை ஊர் உலகக் கோப்பைக்கு அட்டவணை போட்ட கதை

2022 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. இரவு 12 மணி தாண்டிய நேரத்தில் எங்கள் ஊர்ப் பொதுத் திடலான மந்தையில் என் சித்தப்பா ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்து ஊரிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்திருந்தார். தோளில் போர்வை, கையில் ஒரு தூக்குவாளி நிறையச் சுக்குக் காப்பி. மந்தையில் திரையும் இல்லை, ஆளும் இல்லை. என்னைப் போனில் எழுப்பி, "ஏப்பா, அர்ஜென்டினா மேட்ச்சுன்னு போர்டுல எழுதிப் போட்டிருந்தீக, ஒருத்தனையும் காணோம்?" என்று கேட்டார். அந்த ஆட்டம் முந்தின ராத்திரியே முடிந்துவிட்டிருந்தது.

போர்டில் எழுதியது நான்தான். "நவம்பர் 27, இரவு 12.30, அர்ஜென்டினா – மெக்சிகோ." நாள்காட்டிப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் நடுராத்திரியில் தேதி மாறுவதில்லை. பொழுது விடிந்தால்தான் மறுநாள். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார வேண்டிய ஆட்டத்தை, 27 என்ற எண்ணைப் பார்த்து ஞாயிறு ராத்திரிக்கு என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். அவர் மட்டுமில்லை, இன்னும் ஏழெட்டுப் பேர் அப்படியே ஏமாந்தார்கள்.

2026 உலகக் கோப்பைக்குத் திரை கட்ட நினைக்கும் பக்கத்து ஊர் அணிகள் இரண்டு, "நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டன. வாயால் சொன்னால் நல்லது மட்டும்தான் வெளியே வரும். அதனால் தப்பையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

ஊருக்கு ஒரு கடிகாரம்

எங்கள் ஊர் திருப்பரங்குன்றத்துக்கும் திருமங்கலத்துக்கும் இடையில் இருக்கிறது. கிணற்றுப் பாசனம், பாதிக்கு மேல் மல்லிகை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் குறியீடு கிடைத்ததால் பறிக்கிற நேரம் ஒன்றும் மாறிவிடவில்லை. அரும்பு சாயங்காலம் வாய் திறந்துவிடும். அதற்குள் அது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போய், கை மாறி, சரமாகிக் கடைக்கு வந்திருக்க வேண்டும். ஆகவே பறிப்பு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, மடியில் துணியைச் சுருட்டிச் செருகிக்கொண்டு, மூன்றரை நான்கு மணிக்கெல்லாம் பெண்கள் கொல்லையில் இறங்கிவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் பாதி வீடு இருட்டாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

கார்த்திகை, மார்கழியில் பனியால் அரும்பு குறையும். பூ குறைவுதானே, வேலையும் குறைவாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. அப்போதுதான் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். மற்ற மாதத்தில் கண்ணுக்குத் தப்பி விட்டுவிடும் அரும்பைக்கூட அப்போது தேடித் தேடிப் பறிப்பார்கள். ஒரு கைப்பிடி அரும்பு ஒரு நாள் மளிகைச் செலவுக்கு ஆகும். தூங்காமல் கொல்லைக்குப் போனால் கை தப்பும், அரும்போடு மொட்டுக் காம்பும் ஒடியும்.

இந்த ஊரில் கால்பந்து எப்படி வந்தது என்று கேட்பார்கள். கோடையில் கண்மாய் வற்றினால் அது எங்கள் மைதானம், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் மைதானம் தண்ணீருக்குள் போய்விடும். 2022-இல் உலகக் கோப்பை நவம்பர் 20-இல் தொடங்கி டிசம்பர் 18 வரை நடந்தது. எங்களுக்கு விளையாட இடமில்லாத சரியான அந்த நேரத்தில், பார்ப்பதற்கு 64 ஆட்டங்கள் கிடைத்தன. மந்தையில் திரை கட்டிவிடலாம் என்று அணிப் பையன்கள் முடிவு செய்தார்கள். நேரம் குறித்துக் கொடுக்கும் பொறுப்பை என் தலையில் வைத்தார்கள்.

நான் முதலில் போட்ட அட்டவணை

கத்தாருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே பகல் 1 மணி ஆட்டம் நமக்கு 3.30, மாலை 4 மணி ஆட்டம் 6.30, 7 மணி ஆட்டம் 9.30, 10 மணி ஆட்டம் 12.30. குழுச் சுற்றின் கடைசி நான்கு நாளும் அதற்குப் பின் வந்த, தோற்றால் வெளியேறும் நாக்அவுட் ஆட்டங்களும் நம் கணக்கில் 8.30, 12.30 என்று இரண்டே நேரத்துக்குள் அடங்கின. பிரேசில் உலகக் கோப்பையை நினைத்துப் பார்த்தால் இது நமக்கு நல்ல நேரம்தான்.

நான் செய்த முதல் தப்பு, அணியை வைத்து அட்டவணை போட்டது. எங்கள் ஊரில் அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல் என்று மூன்று கட்சி. மூன்று அணிகளின் ஆட்டத்தையும் வட்டம் போட்டேன். அப்புறம் இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி. நேரப் பத்தியை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். பின்னால் உட்கார்ந்து எண்ணியபோதுதான் தெரிந்தது: 64-இல் 24 ஆட்டங்கள் நள்ளிரவு 12.30-க்கு, அதுவும் 20 இரவுகளில் பரவிக் கிடந்தன. அதிலும் அர்ஜென்டினாவைப் பாருங்கள். கடைசிவரை போன அந்த அணி ஆடிய ஏழு ஆட்டத்தில் முதலாவது பகல் 3.30, இறுதி ஆட்டம் இரவு 8.30, நடுவில் உள்ள ஐந்தும் 12.30. பிரேசில் ஆடிய ஐந்தில் மூன்று 12.30. போர்ச்சுகல்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம், ஐந்தில் இரண்டுதான்.

ஆகவே "12.30 ஆட்டமே வேண்டாம்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் பாதி ஊருக்கு உலகக் கோப்பையே இல்லை. "எல்லாவற்றையும் போடுவோம்" என்றால் இன்னொரு பாதிக்குத் தூக்கம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாங்கள் அந்த மாதத்தை ஓட்டினோம்.

முதல் வாரம்

நவம்பர் 22, செவ்வாய். அர்ஜென்டினா – சவுதி அரேபியா, பகல் 3.30. பள்ளி நாள். மெஸ்ஸி பத்தாவது நிமிடத்தில் பெனால்டி அடித்தபோது திரைக்கு முன்னால் பெரியவர்கள் பதினைந்து பேர் இருந்திருப்போம். பள்ளிக்கூடம் விட்டுப் பையன்கள் பையோடு ஓடிவந்து உட்கார்ந்த நேரத்தில் இரண்டாம் பாதி தொடங்கியது. ஐந்து நிமிட இடைவெளியில் சவுதி இரண்டு கோல் போட்டது. "நாங்க வந்ததுனாலதான் தோத்துச்சோ" என்று ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். 3.30 ஆட்டம் பிள்ளைகளுக்கு இரண்டாம் பாதி மட்டும்தான் என்பதை அன்று குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அந்த வாரத்தில் புரிந்தது. ஒரு கால்பந்து ஆட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் என்பது பழைய கணக்கு. இந்த உலகக் கோப்பையில் வீணான நேரத்தை நடுவர்கள் ஒழுங்காகக் கூட்டிக் கொடுத்தார்கள். இங்கிலாந்து – ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதால் முதல் பாதிக்கு மட்டுமே 14 நிமிடம் கூட்டினார்கள். 6.30 ஆட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று நான் போட்ட கணக்கு அங்கேயே தவறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டே கால் மணி நேரம் ஒதுக்கினேன். நாக்அவுட் என்றால் மூன்று மணி நேரம்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் கூட்டத்தையே கெடுத்துவிடும். ஜியோசினிமாவில் ஆட்டங்கள் இலவசமாக வந்தன, நாங்களும் முதலில் செல்போனிலிருந்து புரொஜெக்டருக்குக் கொடுத்தோம். இணையத்தில் வரும் படம் டிஷ் வழியாக வரும் படத்தைவிடச் சற்றுப் பின்தங்கியே வரும். மந்தைக்கு எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் திரையில் பந்து நடுமைதானத்தில் இருக்கும்போதே எதிர் வீட்டில் "கோல்!" என்று கத்திவிடுவார்கள். மூன்றாம் நாள் எதிர் வீட்டு அண்ணனிடமே கேட்டு அவர் செட்டாப் பாக்ஸிலிருந்து வயர் இழுத்துக்கொண்டோம்.

நவம்பர் 26, சனி ராத்திரி

சித்தப்பா தவறவிட்ட அந்த ஆட்டம். தேதிக் குழப்பத்தில் கூட்டம் குறைவாகத்தான் வந்தது. சவுதியிடம் தோற்ற அர்ஜென்டினா, இதிலும் தோற்றால் வெளியே போக வேண்டியதுதான். முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது, ஆட்கள் துண்டைத் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். 64-ஆவது நிமிடம், பெனால்டி பெட்டிக்கு வெளியே இருந்து மெஸ்ஸி தரையோடு தரையாக அடித்த பந்து மூலைக்குள் போனது. நம் கடிகாரத்தில் அப்போது இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பின் இருக்கும். இருபத்தைந்து பேர் ஒரே குரலில் கத்தினோம். ஸ்பீக்கரும் முழுச் சத்தத்தில் இருந்தது.

தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்தன. யாரும் வந்து திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் விளக்குகள் மறுபடி அணைந்தன.

காலையில் எட்டு மணிக்கு எங்கள் அப்பத்தா கொல்லையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மடியை அவிழ்த்து என்னிடம் காட்டினார். அரும்புக்கு நடுவே இலையும் காம்பும் கிடந்தன. அப்பத்தா பறித்த பூவில் நான் அதுவரை இலையைப் பார்த்ததே இல்லை. "ரெண்டு மணிக்கு எந்திரிச்சவ, அதுக்கப்புறம் கண்ணு சொருகல ராசா. லைட்டு வெளிச்சத்துல எல (இலை) எது, அரும்பு எதுன்னே தெரியல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க சந்தோசமா இருந்தா சரி. ஆனா நாங்களும் ஒரு வேல பாக்குறமில்ல" என்று எழுந்து போனார். அந்த ஒரு மடிப் பூவைப் பார்த்தபோது எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மந்தையில் உட்கார்ந்து பேசியது

அன்று சாயங்காலமே அணிப் பையன்களும் தெருப் பெரியவர்களும் பறிப்புக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேரும் மந்தையில் உட்கார்ந்தோம். "அடியோடு நிறுத்து" என்று ஒரே ஒருவர்தான் சொன்னார். அப்பத்தா உட்பட மற்றவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "சத்தம் தெருவுக்குள்ள வரக் கூடாது."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாததில்லை. கோயில் கொடைக்கு மைக்செட் அனுமதி வாங்கப் போகும்போதெல்லாம் கேட்கும் விதிதான். "டிவி சத்தம்தானே" என்று கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோம். கணக்குப் பார்த்தால் 8.30 ஆட்டமே பத்து மணியைத் தாண்டித்தான் முடிகிறது.

அங்கேதான் அட்டவணையைத் திருப்பிப் போட்டேன். ஆட்டம் எப்போது தொடங்குகிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, ஊர் எப்போது எழுகிறது என்பதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வந்தேன். பறிப்புக்காரர்கள் எழுவது மூன்று மணி. அவர்களுக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம் வேண்டும், ஆக பத்து மணிக்குத் தெரு அடங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் ஆறரைக்கு எழ வேண்டும். திருமங்கலம் பக்கம் மில் வேலைக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் ஐந்துக்கு. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிவிட்டு, அதன் மேல்தான் ஆட்டங்களை வைத்தேன்.

மந்தையில் சத்தத்தோடு போடுவது பத்து மணிவரை மட்டும். பத்து அடித்ததும் ஸ்பீக்கர் பாக்ஸை அணைத்துவிட்டு மீதி ஆட்டத்தைச் சத்தமில்லாமல் பார்ப்பது. பையன்கள் இதற்கு முதலில் முகம் சுளித்தார்கள். ஆனால் சத்தமில்லாமல் பார்த்தபோதுதான் பந்து இல்லாத இடத்தில் ஆட்கள் எப்படி ஓடுகிறார்கள் என்பதைப் பார்த்தோம் என்று எங்கள் கோல்கீப்பர் சொன்னான். நானும் அதை உணர்ந்தேன்.

12.30 ஆட்டத்துக்கு ஊருக்கு வெளியே இடம் வேண்டியிருந்தது. ரோட்டோரம் பூ எடை போடும் ஷெட் ஒன்று உண்டு, கமிஷன் கடைக்காரருடையது. மூன்று பக்கம் சுவர், மேலே தகரம். கேட்டதும் கொடுத்தார். ஒரே நிபந்தனை: "அஞ்சு மணிக்கு எடம் கூட்டிக் கெடக்கணும். ஒரு கடலத் தொலி பூவுல ஒட்டுனாலும் மார்க்கெட்டுல வெலய உடைச்சிருவான்." ஆகவே ஷெட்டுக்குள் தின்பண்டம் கிடையாது. புரொஜெக்டரும் வேண்டாம், ஒரு டிவி போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சரி. வெள்ளி, சனி ராத்திரிக்காவது விடச் சொல்லி அழுதார்கள். டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு. நான் இளகப் பார்த்தேன், பள்ளிக்கூட டீச்சர் அக்கா விடவில்லை. அவர் செய்தது சரிதான்.

போர்டு எழுதுவதையும் மாற்றினேன். கல்யாணப் பத்திரிகையில் பின்னிரவு முகூர்த்தத்துக்குத் தாத்தாக்கள் எழுதிய முறை இருக்கிறதே, அதுதான்: "சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, 12.30." ரயில் டிக்கெட்டிலும் இதே குழப்பத்தில் மாட்டியவர்கள் உண்டு. 00.20 வண்டிக்கு ஒரு நாள் தாமதமாக மதுரை ஜங்ஷனில் போய் நின்றவர்களை எனக்கே தெரியும். "விடிந்தால்" என்ற ஒரு சொல் சேர்ந்த பிறகு யாரும் தவறவே இல்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி, இடம்: மந்தை அல்லது ஷெட்.

டிசம்பர் 6, சொக்கப்பனை

திட்டத்தில் நான் பார்க்க மறந்தது பண்டிகை. கார்த்திகை தீபம் அந்த ஆண்டு டிசம்பர் 6. சாயங்காலம் திருப்பரங்குன்றம் மலையில் தீபம் ஏற்றுவது எங்கள் ஊரிலிருந்தே தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். அப்புறம் மந்தையில் சொக்கப்பனை. நாங்கள் திரை கட்டும் அதே இடம், அதே நேரம். 8.30-க்கு மொராக்கோ – ஸ்பெயின்.

அன்றைக்கு ஆட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பனை எரிந்து சாய்ந்து, சாம்பலைத் திருநீறாக எடுத்துப் பூசிக்கொண்ட பிறகும் கூட்டம் கலையவில்லை. ஒரு பெரியவர், "என்னப்பா, படம் கிடையாதா இன்னைக்கு?" என்றார். இருபது நிமிடத்தில் திரை ஏறியது. புகை நடுவே இரண்டாம் பாதியிலிருந்து பார்த்தோம். 120 நிமிடம் கோல் இல்லை. பெனால்டியில் ஸ்பெயின் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஒன்று கம்பத்தில் பட்டது, இரண்டை மொராக்கோ கோல்கீப்பர் போனோ தடுத்தார். கடைசிப் பந்தை மொராக்கோவின் ஹக்கிமி நிதானமாக நடுவில் தூக்கிப் போட்டார். பத்து மணி தாண்டிவிட்டதால் சத்தம் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு இத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

டிசம்பர் 9, வெள்ளி இரவு, விடிந்தால் சனி

மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த ராத்திரி அது. எங்கள் பக்கம் வாடைக் காற்றாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கரண்ட் போய்விடுமோ என்று பயந்து ஒரு பேட்டரி வாங்கி வைத்திருந்தோம். 8.30-க்குக் குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் தோற்றது. பிரேசில் கட்சி முழுவதும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டது. 12.30-க்கு ஷெட்டில் நெதர்லாந்து – அர்ஜென்டினா.

83-ஆவது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0. இரண்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும், கூட்டிவிட்டுப் படுக்கலாம் என்று துடைப்பத்தைக்கூட எடுத்து வைத்துவிட்டோம். நெதர்லாந்தின் வெகோர்ஸ்ட் ஒன்று போட்டார். பத்து நிமிடம் கூட்டினார்கள். அதுவும் முடியும் நேரத்தில் ஃப்ரீ கிக்கை நேராக அடிக்காமல் கூப்மைனர்ஸ் தரையில் உருட்டிவிட, வெகோர்ஸ்ட்டே இன்னொன்றும் போட்டார். 2-2. அப்புறம் கூடுதல் நேரம் முப்பது நிமிடம். மணி மூன்றைத் தாண்டியது.

ரோட்டில் வெளிச்சப் புள்ளிகள் வந்தன. பறிப்புக்குப் போகிற பெண்கள், தலையில் டார்ச்சோடு. கொல்லைக்குப் போகும் பாதை ஷெட்டை ஒட்டித்தான். முதலில் வந்தது என் அப்பத்தாதான். என்னைப் பார்த்து, "இன்னுமா முடியல?" என்றார். நான் பெனால்டி என்றால் என்ன என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை அமர்த்திவிட்டு டிவியைப் பார்த்தார். அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் வலது பக்கம் பாய்ந்து நெதர்லாந்தின் வான் டைக்கின் பந்தைத் தடுத்தார். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அடுத்ததையும் மார்ட்டினெஸ் தடுத்தார். பன்னிரண்டு பெண்கள், தலை விளக்கை அணைக்க மறந்து நின்றதில் திரை பாதி வெளுத்துப் போனது. யாரும் அணைக்கச் சொல்லவில்லை. கடைசியில் லவுதாரோ அடித்து முடித்ததும், "சரி சரி, அரும்பு காத்துக்கெடக்கு" என்று அப்பத்தா நடையைக் கட்டினார். நாங்கள் கூட்டி முடித்தபோது நான்கேகால். கடைக்காரருக்குச் சொன்ன வாக்கில் முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்தது.

மற்ற சில

இறுதி ஆட்டம் டிசம்பர் 18, ஞாயிறு 8.30. மார்கழி 3. மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பத்தரைக்கு முடியும் என்று நினைத்து எல்லாப் பிள்ளைகளையும் விட்டோம். பிரான்ஸ் 80, 81-ஆவது நிமிடங்களில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டு 2-2 ஆனது. பிறகு 3-3, பிறகு பெனால்டி 4-2. வீடு சேரும்போது மணி பதினொன்றரை. இதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதுதான். ஆனால் நாக்அவுட்டுக்கு மூன்று மணி நேரம் என்று நானே எழுதி வைத்த விதியை இறுதி ஆட்டத்தின் ஆசையில் நானே மறந்தேன். பாதி ஆட்டத்தில் பிள்ளைகளை எழுப்பிவிட்டிருக்க முடியாது. பகலில் இரண்டு மணி நேரம் கட்டாயம் படுக்க வைத்திருக்கலாம். அதை இரண்டு வீட்டில் செய்தார்கள், அந்தப் பிள்ளைகள் மறுநாள் தெளிவாக இருந்தன.

குழுச் சுற்றின் கடைசி ஆட்டங்கள் ஒரே குழுவில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். 1982-இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அந்தக் குழுவின் மற்ற ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கு ஆடிய பிறகு வந்த ஏற்பாடு இது. எந்த ஆட்டத்தைப் போடுவது என்று முந்தின நாளே கை தூக்கச் சொல்லி முடிவு செய்தோம். ஆட்டத்தின் நடுவில் ரிமோட்டுக்குச் சண்டை வரும் இடம் இதுதான்.

பணம் பெரிய விஷயமாக இல்லை. புரொஜெக்டர் வாடகைதான் செலவு, மந்தையில் ஆட்டம் போட்ட நாட்களுக்கு மட்டும் எடுத்ததால் தாங்கியது. கார்த்திகை மாதம், பாதிப் பேர் கழுத்தில் ஐயப்பன் மாலை. மகளிர் குழு அக்காக்கள் சுண்டலும் பணியாரமும் மட்டுமே போட்டார்கள், மந்தையில் இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்தது.

2026

இப்போது அடுத்த அட்டவணை கையில் இருக்கிறது. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாட்கள், 48 அணிகள், 104 ஆட்டங்கள். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாட்டில் 16 நகரங்கள். நியூயார்க் பக்கத்துக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம், மேற்குக் கரைக்குப் பன்னிரண்டரை, மெக்சிகோ சிட்டிக்குப் பதினொன்றரை. அதனால் நமக்கு ஆட்டங்கள் இரவு 9.30-இலிருந்து மறுநாள் காலை 9.30 வரை பரவிக் கிடக்கின்றன. 8.30 என்ற நல்ல நேரம் இந்த முறை இல்லவே இல்லை. இரண்டு பாதியிலும் மூன்று மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளை உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள், அதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். அரையிறுதி இரண்டும், இறுதி ஆட்டமும் 12.30. இறுதி, ஜூலை 19 ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள்.

ஊர்க் கடிகாரமும் மாறுகிறது. ஜூனில் அரும்பு நிறைய இருக்கும். எடை ஷெட் சீக்கிரமே திறந்துவிடும், நமக்குக் கிடைக்காது. கண்மாய் வற்றியிருக்கும், பையன்கள் காலையில் ஆட வேண்டும். பள்ளி திறந்த முதல் மாதம் வேறு.

இந்த முறை மந்தையில் ராத்திரித் திரையைக் குறைத்துவிட்டு, காலை ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இதற்குப் பெண்கள் பக்கம் ஆதரவு இருக்கிறது, பையன்கள் பக்கம் இன்னும் இல்லை. போர்ச்சுகலின் முதல் ஆட்டம் ஜூன் 17 இரவு 10.30, அது சத்தமில்லாமல் நடக்கும். பிரேசில் – மொராக்கோதான் இடிக்கிறது. ஜூன் 13 சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, 3.30. சரியாக எல்லாரும் கொல்லைக்குக் கிளம்பும் நேரம். அதை நேரலையாகப் போடாமல், ஞாயிறு பறிப்பு முடிந்து பத்து மணிக்கு மறு ஒளிபரப்பைப் போடலாம், அதுவரை யாரும் முடிவைச் சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். பிரேசில் கட்சி ஒப்புக்கொண்டிருக்கிறது.

அர்ஜென்டினா – அல்ஜீரியா, ஜூன் 17 புதன் காலை 6.30. போன வாரம் போர்டில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பத்தா பின்னால் வந்து நின்றார். "அந்தக் கைய விரிச்சுக்கிட்டுப் பாயுவானே, அவன் வர்ற ஆட்டம் எத்தன மணிக்கு?" என்றார். சொன்னேன். "அந்நேரம் நான் பாதிக் கொல்லையில நிப்பேனே" என்று யோசித்தார். "அப்ப ஒருத்தன் செல்ல எடுத்துக்கிட்டு வந்து சொல்லிக்கிட்டே நிக்கட்டும். காதுல கேட்டுக்கிட்டே பறிக்கிறேன்."

இடம் என்ற பத்தியில் "வரப்பு" என்று எழுதினேன். யார் நிற்பது என்று இன்னும் முடிவாகவில்லை, மூன்று பையன்கள் கேட்டிருக்கிறார்கள்.